முன்பணம் கட்டும் முன் அந்தத் தாத்தா கதையை முடியுங்கள்

கடிதம் எழுதியவருக்கு 20 வயது. முழுநேர தேசிய சேவையில் இருக்கிறார், இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. தொடக்கக் கல்லூரி முடித்ததும் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயந்திரப் பொறியியலுக்குக் கிடைத்த இடம் அவருக்காகக் காத்திருக்கிறது. அப்பா கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். அம்மா பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறார். தங்கை உயர்நிலை மூன்று. இவர் தொடக்கநிலை நான்கிலிருந்தே காமிக்ஸ் வரைகிறார். ஓர் அப்பாவி ரெக்ரூட்டை வைத்து இன்ஸ்டகிராமில் வாரம் ஒரு சின்னக் கதை போடுகிறார், 3,000 பேர் பின்தொடர்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் இங்கிலாந்தில் காமிக்ஸ் கலையில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பித்து, இடமும் வாங்கிவிட்டார்.

"அப்பாவிடம் சொன்னால் பெரிய சண்டை வரும். எனக்கு 18 வயது தாண்டிவிட்டதால் அவர் கையெழுத்து தேவையில்லை. சேவையில் சேர்த்த 9,000 வெள்ளியில் முன்பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மீதிக் கட்டணத்துக்கு அவருடைய சிபிஎஃப் சேமிப்பு இருக்கிறது. கைச்செலவுக்கு ஆன்லைனில் படம் வரைந்து கொடுத்துச் சம்பாதிப்பேன். காமிக்ஸ் படிக்க சிங்கப்பூரில் எதுவும் இல்லை. இது சரிவராது என்றால் அப்பாவுக்காக நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பிறகு என் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் நடுவே இன்னொரு செய்தி இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ்காரர்களிடம் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கதை ஆரம்பித்தாராம். 12 பக்கம் வந்தது. வசனம் பலூனுக்குள் அடங்கவில்லை. தாத்தா துரு தட்டும் சுத்தியலைப் பிடிக்கும் கட்டத்தை நான்கு முறை அழித்து வரைந்தும் கை சரியாக வரவில்லை. விட்டுவிட்டார். அதற்கு முன் ஆரம்பித்த மூன்று நீண்ட கதைகளும் இப்படித்தான் பாதியில் நிற்கின்றனவாம்.

தம்பி,

நீங்கள் இணைத்து அனுப்பிய பக்கங்களை இரண்டு முறை படித்தேன். ஆலோசகர் வேலைக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் பாடநூல் பதிப்பில் ஓவியர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்: உங்களுக்குக் கதை சொல்லத் தெரிகிறது. விடியற்காலையில் தளத்தின் வாசலில் வரிசையாக நிற்கும் சைக்கிள்களை மட்டும் ஒரு கட்டத்தில் காட்டிவிட்டு, அடுத்த கட்டத்தில் தாத்தாவின் செருப்பைக் காட்டுகிறீர்கள். அவரிடம் சைக்கிள் இல்லை, நடந்தே வந்தவர் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் புரிந்துவிடுகிறது. இதைச் சொல்லிக்கொடுப்பது கடினம்.

ஆனால் நான்கு கதைகளில் ஒன்றுகூட முடியவில்லை. முன்பணம், விசா, அப்பாவின் கோபம் எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் உங்கள் கணக்கில் இருக்கும் சில தவறுகளைச் சரிசெய்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் இரண்டு உங்களை நடுவழியில் நிறுத்திவிடக்கூடியவை.

பணமும் சட்டமும்

உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது உண்மை. சிங்கப்பூரில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் வயது 2009இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போடலாம், அது செல்லும். செல்லும் என்பதாலேயே ஆபத்தும் உண்டு: கட்டிய முன்பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும், எந்த நிலையில் கிடைக்காது என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது உங்களைக் கட்டுப்படுத்தும். "மனம் மாறிவிட்டது" என்பதைப் பெரும்பாலான இடங்களில் காரணமாக ஏற்கமாட்டார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சிபிஎஃப் விஷயத்தில் நீங்கள் நினைத்திருப்பது தவறு. பெற்றோரின் சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்து கல்விக் கட்டணம் கட்டும் திட்டம் இருக்கிறது, ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கல்வி நிலையங்களுக்குத்தான். வெளிநாட்டுக் கல்லூரிக்கு அதிலிருந்து ஒரு வெள்ளி எடுக்க முடியாது. உள்ளூருக்கே எடுத்தாலும் அது கடன். படிப்பு முடிந்த ஓராண்டு கழித்து, அந்தக் கணக்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய வட்டியையும் சேர்த்து, நீங்கள் ரொக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். அப்பா வீவக வீட்டுக் கடனை அதே கணக்கிலிருந்துதான் கட்டிவருகிறார் என்றால் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அவரிடம் கேட்காமல் அவர் பணத்தை வைத்து நீங்கள் திட்டம் போட்டிருக்கிறீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் இதை அவர் பிறகு தெரிந்துகொண்டால், படிப்பைவிட இதுதான் அவருக்கு வலிக்கும்.

படம் வரைந்து கொடுத்துச் சம்பாதிக்கும் திட்டமும் நடக்காது. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், ஆனால் சுயதொழில் கூடாது. ஆன்லைனில் ஆர்டர் பிடித்து வரைவது சுயதொழில் கணக்கில் வரும். காப்பிக்கடையில் கோப்பை கழுவலாம், காமிக்ஸ் வரைந்து விற்கக் கூடாது என்பது ஓவியருக்குக் கொடுமையான விதிதான். ஆனாலும் விதி. அதை மீறி விசா பறிபோன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வெளிநாட்டு மாணவருக்கு இந்த மாதிரிப் படிப்புகளில் கட்டணமே ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்கு மேல் போகும். தங்கும் இடம், சாப்பாடு, விமானம் எல்லாம் சேர்த்தால் மூன்றாண்டுக்கு, குறைத்துப் போட்டாலும், 120,000 வெள்ளியைத் தாண்டும். சிங்கப்பூர்க் குடிமகனாக இங்கே மானியத்தோடு படித்தால் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 முதல் 9,000 வெள்ளி. அதிலும் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடன் வாங்கலாம், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. வருமானத்தைப் பொறுத்து, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் உதவிநிதிக்கும் விண்ணப்பிக்கலாம். தங்கை இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரிக்குப் போவாள் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இன்னொன்று. தேசிய சேவை முடிந்த பிறகும் நீண்ட காலம் வெளிநாட்டில் தங்குவதற்கு எக்சிட் பெர்மிட் வாங்க வேண்டிவரும். பெரிய தடை இல்லை, மறந்துவிடாதீர்கள். அதோடு, அந்த ரெக்ரூட் கதைகளில் முகாமின் அமைப்போ கருவிகளோ அடையாளம் தெரியும்படி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகைச்சுவைக்கு அவை தேவையும் இல்லை.

"சிங்கப்பூரில் எதுவும் இல்லை"

காமிக்ஸ் என்ற பெயரிலேயே முழுப் பட்டம் தரும் படிப்பு இங்குள்ள பொதுப் பல்கலைக்கழகங்களில் இல்லை. அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. வெளியே உண்டு: ஜப்பானின் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகம் 2006இல் அந்நாட்டுக் காமிக்ஸான மங்காவுக்கென்றே தனிப் புலம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் கார்ட்டூன் கலைக்கு மட்டுமே ஒரு பள்ளி 2005 முதல் நடக்கிறது. நியூயார்க், சவான்னா, ஸ்காட்லந்தின் டண்டீ என்று பட்டியல் நீளும்.

ஆனால் பட்டத்தின் பெயரையும் படிப்பின் உள்ளடக்கத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி 2005 முதல் இருக்கிறது. புல் போர்த்திய கூரையுள்ள அந்தக் கட்டடத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். லாசால் கலைக் கல்லூரியில் அனிமேஷன் கலையில் பட்டம் உண்டு. லாசாலும் 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும் சேர்ந்து உருவான சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இந்த இடங்களில் ஆள் உருவம் வரைவது, காட்சியை அமைப்பது, ஸ்டோரிபோர்டு எனும் காட்சி வரிசைப் படங்கள், எழுத்துரு, அச்சு எல்லாம் கற்கலாம். இறுதியாண்டுத் திட்டமாக ஒரு காமிக்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஆசிரியர்களிடம் நேராகக் கேளுங்கள். திறந்த நாளுக்குப் போய் இறுதியாண்டு மாணவர்களின் பணிகளைப் பாருங்கள், கையேட்டைவிட அது அதிகம் சொல்லும்.

காத்திருக்கும் பொறியியல் இடத்தை விடாமலே அடுத்த சேர்க்கையில் கலைப் படிப்புக்கும் விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று சேர்க்கைப் பிரிவுக்கு இந்த வாரமே எழுதுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

நீங்கள் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட அந்த சிங்கப்பூர் ஓவியர் சோனி லியூ என்று நினைக்கிறேன். "அவர்கூட அமெரிக்காவுக்குப் போய்த்தானே படித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ரோட் ஐலண்டில் ஓவியம் படித்தார். அதற்கு முன் அவர் கேம்பிரிட்ஜில் படித்தது தத்துவம். அங்கே படிக்கும்போதே இங்குள்ள ஒரு நாளிதழுக்கு காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தார். அதாவது, ஓவியப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே, நாள் தவறாமல் முடித்துக் கொடுக்கும் வேலையைச் செய்து பழகியவர். 2015இல் வந்த அவருடைய புத்தகத்துக்கு தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றதும், 2017இல் அதே புத்தகம் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை மூன்று பிரிவுகளில் வாங்கியதும் உங்களுக்குத் தெரிந்த கதை.

பொறியியலைப் "படித்துத் தள்ளுவது" பற்றி

இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அப்பாவுக்காக என்று உட்கார்ந்து, இரண்டாம் ஆண்டில் தாங்க முடியாமல் விலகி என் அறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். அரசாங்க மானியம் முதல் பட்டத்துக்குத்தான். பாதியில் விட்டுவிட்டு வேறு படிப்புக்கு மாறினால், ஏற்கெனவே மானியத்தில் படித்த பருவங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அத்தனை பருவங்களுக்கு முழுக் கட்டணம் கட்ட நேரலாம். மனமில்லாத இரண்டு ஆண்டுகள் இலவசமாக வருவதில்லை. பொறியியல் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் அது பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு வரிகூட இல்லை. அதையும் யோசியுங்கள். கிரேன் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இயந்திரம் உங்களுக்கு வெறுப்பான பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

வேலை வாய்ப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் காமிக்ஸ் புத்தகம் மட்டுமே போட்டுக் குடும்பம் நடத்துபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஸ்டோரிபோர்டு, அனிமேஷன், கேம், விளம்பரம், பாடநூல், சிறுவர் நூல் என்று வரைந்து வாழ்கிறார்கள், இரவில் சொந்தக் கதையை வரைகிறார்கள். பெரிய ஸ்டூடியோ என்றால் நிலையான வேலை என்றும் இல்லை: 2023இல் லூகாஸ்ஃபிலிம் தன் சிங்கப்பூர் ஸ்டூடியோவை மூடப்போவதாக அறிவித்தபோது 300க்கும் மேற்பட்டவர்களின் வேலை பாதிக்கப்பட்டது. இதையெல்லாம் தெரிந்தும் இந்தப் பாதையில் போகலாம். தெரியாமல் போகக் கூடாது.

முடிப்பது என்ற வேலை

நல்ல காமிக்ஸ் படிப்பில் மூன்றாண்டும் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது முடித்த பக்கங்களைத்தான். இன்ஸ்டகிராமில் நீங்கள் செய்வது சதுரச் சதுரமாகத் தள்ளிப் பார்க்கும் கதை. நான்கு கட்டத்தில் ஒரு சிரிப்பு. அதில் கை நன்றாகப் பழகிவிட்டது. புத்தகத்தில் வேறு கணக்கு: பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். எந்தக் கட்டம் பெரிது, எங்கே கண் நிற்க வேண்டும், எதைப் பக்கம் திருப்பிய பிறகு காட்ட வேண்டும் என்பதெல்லாம் கதையின் பகுதி. உங்கள் ஒன்பதாம் பக்கத்தில் விபத்து நடக்கிறது. அது வலப்பக்கம். இடப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தீ கண்ணில் பட்டுவிடுகிறது. பத்தாம் பக்கத்துக்குத் தள்ளுங்கள், திருப்பியதும் தெரியட்டும்.

பலூன் பிரச்சினைக்கு வருகிறேன். அதனால் கதையையே விட்டுவிட்டதாக எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. தமிழ் எழுதும் எல்லாருக்கும் இருக்கும் தொல்லை அது. ஆங்கிலத்தில் மூன்று சின்னச் சொல்லாக மூன்று வரியில் மடங்குவது, தமிழில் "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல்லாக நீண்டு பலூனைக் கிழிக்கும். கொம்பையும் எழுத்தையும் பிரித்து மடிக்கவும் முடியாது. நீங்கள் படத்தை முடித்துவிட்டு மிச்ச இடத்தில் வசனத்தைத் திணித்திருக்கிறீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கட்டைவிரல் நக அளவில் சின்னதாகப் பக்கத்தைத் திட்டம் போடும்போதே வசனத்தை எழுதி, பலூனுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, மீதி இடத்தில் ஆளை நிறுத்துங்கள். அதோடு, தாத்தா எழுத்துத் தமிழில் பேச வேண்டியதில்லை. "போயிட்டிருக்காங்க" என்று அவர் வாயில் வந்தபடி எழுதினால் நிறைய இடம் மிச்சமாகும், ஆளும் உயிரோடு இருப்பார். தளத்தில் மலாயும் மலையாளமும் கலந்து பேசியிருப்பார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது, பிரிட்டிஷ் படைகள் 1971இல் கிளம்பின. அந்த மூன்றாண்டில் தாத்தா வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த வரலாற்றுப் பாடநூலிலும் இருக்காது.

என் யோசனை இதுதான். 40 பக்கத் திட்டத்தை 16 பக்கமாகச் சுருக்குங்கள். 16 என்பது நான்கால் வகுபடும், மடித்துப் பின் அடித்தால் புத்தகமாகிவிடும். அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை, அசிங்கமாக இருந்தாலும், முடியுங்கள். ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் கல்லூரிக்கு எழுதி, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல கல்லூரிகள் ஒத்துக்கொள்ளும். 16 பக்கம் முடிந்தால், உள்ளூர் நேர்முகத் தேர்வுக்கு அதைவிட நல்ல போர்ட்ஃபோலியோ கிடைக்காது. அப்போதும் இங்கிலாந்துதான் வேண்டும் என்று தோன்றினால், உதவித்தொகை தேட ஓராண்டு கையில் இருக்கும். ஆறு வாரத்தில் முடியவில்லை, அடுத்த ஆறிலும் முடியவில்லை என்றால், 120,000 வெள்ளி செலவழிக்காமலே ஒரு பதில் கிடைத்துவிடும். அப்போதும் வரைவதை நிறுத்த வேண்டாம். எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்று சேர்ந்து செய்யலாம். 1990இல் வந்த மிஸ்டர் கியாசு என்ற சிங்கப்பூர் காமிக்ஸே ஒருவர் மட்டும் செய்ததல்ல, அதன் பின்னால் இருந்தவர்களில் ஜேம்ஸ் சுரேஷ் என்ற எழுத்தாளரும் ஒருவர்.

அப்பாவிடம்

முன்பணக் கெடு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். கட்டிவிட்டுச் சொன்னால் அது தகவல், கட்டுவதற்கு முன் சொன்னால்தான் பேச்சு. இடம் கிடைத்ததைச் சொல்லுங்கள், மறைத்ததையும் சொல்லுங்கள், செலவுக் கணக்கு எழுதிய தாளை எதிரே வையுங்கள். முதல் நாளே அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். "இடத்தை விடாதே" என்று அவர் சொன்னால் அது உங்கள் கலைக்கு எதிரான பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டறையில் ஆள்குறைப்பைப் பார்த்திருக்கக்கூடியவர் அவர். உங்கள் கதைகளை அவர் இதுவரை படித்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காட்டியதாகவும் எழுதவில்லை.

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். அதற்கு முந்தின வாரம், வேறெதுவும் சொல்லாமல், அந்த அழித்து அழித்து வரைந்த பக்கத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுங்கள். துரு தட்டும் சுத்தியலைத் தாத்தா எப்படிப் பிடித்திருப்பார், கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும்.